ரேடியோவைக் கழற்றலாம், அதன் மூடியைத் திறக்கலாமா? சொந்த விமானத்தின் ஏவியானிக்ஸ் எனும் மின்னணுக் கருவிகளைத் தானே பழுதுபார்ப்பது பற்றி

அமெரிக்காவில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். விமானி முன்னுள்ள கருவிப் பலகையான பேனலில் இரண்டு ரேடியோக்கள். இரண்டாவதில் திரை மங்கி மங்கி எரிகிறது, பேசும்போது எதிர்முனையில் கரகரப்பாகக் கேட்கிறதாம். அவர் இருபது ஆண்டுகளாக மின்னணுப் பொறியாளர். மின்வழங்கிப் பகுதியில் வயதான மின்தேக்கி ஒன்று போயிருக்கும் என்பது அவருடைய கணிப்பு. பணிமனையில் கொடுத்தால் ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். 'விமானம் என்னுடையது, தனியார் விமானி உரிமம் கையில் இருக்கிறது, சாலிடரிங் எனக்குப் பழகிய வேலை. நானே திறந்து சரிசெய்து பறக்கலாமா?' என்பதே கேள்வி. அவர் இதைத் திறமை பற்றிய கேள்வியாகக் கேட்கிறார். சட்டமோ இதைக் கையொப்பம் பற்றிய கேள்வியாகப் பார்க்கிறது. வேலையைச் செய்யத் தெரியுமா என்பதல்ல, செய்த பிறகு 'இது பறக்கத் தகுந்தது' என்று விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் யார் எழுதலாம் என்பதே அங்கே விஷயம். சுருக்கமாகச் சொன்னால், ரேடியோவைப் பேனலிலிருந்து கழற்றவும் மீண்டும் மாட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதன் மூடியைத் திறந்து உள்ளே கைவைத்து, பிறகு அதை அதே விமானத்தில் மாட்டிப் பறக்க உங்களுக்கு உரிமை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சில இடங்கள் அவ்வளவு தெளிவானவை அல்ல, அவற்றையும் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் மெக்கானிக் சான்றிதழும், தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் ரேடியோ பழுதுபார்க்கும் உரிமமும் வைத்திருக்கிறேன்; பெரும்பகுதி நேரம் சான்றிதழ் பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்தின் மேசையில்தான் கழிந்திருக்கிறது. வழக்கறிஞர் அல்ல. விதிகளின் சொற்களை நாள்தோறும் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விதியின் வாசகம் தெளிவாக இருக்கும் இடத்தில் உறுதியாகவும், வாசகம் இரண்டு பக்கமும் வளையும் இடத்தில் அப்படியே சொல்லியும் எழுதுகிறேன்.

முதலில் பலரும் தடுமாறும் இடம். விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு உரிமையாளருடையது அல்லது இயக்குபவருடையது என்று எஃப்.ஏ.ஏ. விதித்தொகுப்பின் 91.403, அதாவது பகுதி 91-இன் 403-ஆம் விதி, சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, பொறுப்பு என்னுடையது என்றால் வேலையும் நானே செய்யலாம்தானே என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியில்லை. வேலை நடக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அந்த வேலையை யார் கைகளால் செய்யலாம் என்பதைப் பகுதி 43 தனியாக வகுக்கிறது. அங்கே சொத்துரிமை என்பது தனித்த தகுதியே அல்ல. விமானி உரிமம் இல்லாத ஒருவர் பத்து விமானங்களுக்குச் சொந்தக்காரராக இருந்தாலும், அவற்றில் ஒரு ரேடியோவைக்கூடத் தன் பெயரில் கழற்றி மாட்ட முடியாது. விமானி உரிமம் உள்ளவருக்குத்தான், அதுவும் அவர் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது இயக்கும் விமானத்தில், அந்த விமானம் பகுதி 121, 129, 135-இன் கீழ் வணிகப் பயன்பாட்டில் இல்லாதபோது, 'தடுப்புப் பராமரிப்பு' என்ற குறுகிய வேலைகளைச் செய்ய 43.3 இடம் தருகிறது. செய்த பிறகு விமானத்தைப் பயன்பாட்டுக்குத் திருப்பிக் கையொப்பமிட, 43.7-இன்படி குறைந்தது தனியார் விமானி உரிமம் வேண்டும். கேள்வி கேட்டவருக்கு அது இருக்கிறது. ஆகவே இந்த வாசல் அவருக்குத் திறந்தே இருக்கிறது.

தடுப்புப் பராமரிப்பு என்றால் என்ன என்பதை எஃப்.ஏ.ஏ. பகுதி 1-இல் வரையறுக்கிறது: எளிய அல்லது சிறிய பேணுதல் வேலைகளும், சிக்கலான ஒன்றுசேர்ப்பு இல்லாத சிறு நிலையான உதிரிகளை மாற்றுவதும். பகுதி 43-இன் பின்னிணைப்பு ஏ-வில் அதற்கு எண் போட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. டயர் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது என்று நீளும் அந்தப் பட்டியலில் ஏவியானிக்ஸைத் தொடுவது 31-ஆம் இனம். அதன் சாரம் இது: பேனலின் முன்புறத்தில் பொருத்தப்பட்ட, தன்னிறைவான வழிகாட்டல் மற்றும் தகவல்தொடர்புக் கருவிகளை, அவை டிரே எனும் செருகு கூட்டிலுள்ள கனெக்டருடன் தாமாக இணைந்துகொள்ளும் வகையாக இருந்தால், கழற்றி மாட்டலாம். கருவி அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதற்கான உற்பத்தியாளர் குறிப்புகள் கையில் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு பயன்படுத்தும் முன் இயக்கச் சோதனை செய்ய வேண்டும். தானியங்கிப் பறத்தல் கட்டுப்பாடு, விமானத்தின் உயரத்தை ரேடியோ வழியே தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், தொலைவு அளக்கும் டி.எம்.இ. ஆகிய மூன்றும் இதிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நிபந்தனையும் ஏதோ ஒரு தவறைத் தடுப்பதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தால் புரியும்.

டிரேயுடன் தாமாக இணைவது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ரேடியோவின் முகப்பில், பெரும்பாலும் குமிழ்களுக்கு இடையில், ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் அறுகோணச் சாவியை விட்டு இடப்பக்கமாகத் திருப்பினால், உள்ளே இருக்கும் கொக்கி டிரேயின் பள்ளத்தை விட்டு விலகும். பல பழைய ரேடியோக்களுக்கு அது ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கு அளவுள்ள சாவி. திருப்பத் திருப்ப ரேடியோ தானே ஒரு விரல் அளவு வெளியே வரும். பிறகு இரண்டு கைகளாலும் நேராக இழுக்க வேண்டும். குமிழைப் பிடித்து இழுத்தால் குமிழ் கையோடு வரும், ரேடியோ அங்கேயே இருக்கும். வெளியே எடுத்ததும் டிரேயின் பின்சுவரைப் பாருங்கள்: தட்டையான கனெக்டர் ஒன்று, பக்கத்தில் ஆன்டெனாவுக்கான வட்டமான இணைப்பு. உங்கள் எல்லை அந்தப் பின்சுவர். அதற்கு முன்னால் உள்ளது உங்களுக்கு, அதற்குப் பின்னால் உள்ள வயர்கள் உங்களுக்கு இல்லை. மாட்டும்போதும் அதே சாவிதான்; இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று திருகி மரை போன ரேடியோக்கள் எங்கள் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

இந்த உரிமையை வைத்துக்கொண்டே பழுதில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு ரேடியோக்களும் ஒரே மாதிரி என்றால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டிப் பாருங்கள். கோளாறு ரேடியோவோடு நகர்ந்தால் பழுது பெட்டிக்குள்; கோளாறு டிரேயிலேயே தங்கினால் பழுது கனெக்டர், வயர், ஆன்டெனா, சுவிட்சு இவற்றில் ஏதோ ஒன்றில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல ரேடியோவைப் பணிமனைக்கு அனுப்பி, 'பழுது எதுவும் காணப்படவில்லை' என்ற சீட்டுடன் கட்டணமும் கட்டித் திரும்ப வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே மாதிரி என்பதை முகப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிங் கே.எக்ஸ். 155 போன்ற ரேடியோக்கள் 14 வோல்ட் மின்சாரத்துக்கு ஒரு வகையும் 28 வோல்ட் மின்சாரத்துக்கு ஒரு வகையுமாக வந்தன. தரையிறங்கும் சரிவைக் காட்டும் சமிக்ஞையை வாங்கும் இறங்குசரிவு ஏற்பி உள்ளது ஒன்று, இல்லாதது மற்றொன்று. முகம் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் பாக எண்ணை, கடைசி இரண்டு இலக்கங்கள் உட்பட, ஒப்பிட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். பாக எண் வேறு என்றால், அதே டிரேயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தினாலும், அது மீள்பொருத்தல் அல்ல, மாற்றியமைத்தல். வேறு நிறுவனத்தின் 'நேரே மாட்டிக்கொள்ளும்' ரேடியோக்களுக்கும் இதுவே பொருந்தும். அது உங்கள் கையொப்பத்துக்குள் வராது.

மாட்டிய பிறகு லாக்புக்கில் எழுத வேண்டும். தடுப்புப் பராமரிப்புக்கு எழுதத் தேவையில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, 43.9 அப்படிச் சொல்லவில்லை. செய்த வேலையின் விவரம், முடித்த நாள், உங்கள் கையொப்பம், சான்றிதழ் எண், அது என்ன வகைச் சான்றிதழ் என்பது வேண்டும். 'இரண்டாம் ரேடியோ கழற்றப்பட்டு, அதே பாக எண்ணும் இந்த வரிசை எண்ணும் கொண்ட ரேடியோ உற்பத்தியாளர் குறிப்பின்படி பொருத்தப்பட்டது. தரையில் இயக்கச் சோதனை செய்து சரியாக இருந்தது' என்று இரண்டு வரி போதும். அந்தக் கையொப்பமே செய்த வேலை அளவில் விமானத்தைப் பயன்பாட்டுக்குத் திருப்புகிறது.

இனி பெட்டியின் உள்ளே. அங்கே உரிமையாளருக்கான எந்த இனமும் பட்டியலில் இல்லை. இதில் ஐயத்துக்கே இடமில்லை. அதே பின்னிணைப்பில் கருவிகளின் பெரும்பழுதுநீக்கம் என்ற தலைப்பின் கீழ், அளவுமானிகளைப் பழுதுபார்ப்பதும் ஏவியானிக்ஸை அளவுதிருத்தம் செய்வதும் வருகின்றன. மின்தேக்கியை மட்டும் மாற்றுவது அளவுதிருத்தம் ஆகாது என்று நீங்கள் வாதாடலாம், அது நியாயமான வாதமும்கூட. ஆனால் பெரும்பழுது இல்லை என்பதாலேயே அது தடுப்புப் பராமரிப்பாகிவிடாது. நடுவில் சிறுபழுது என்ற பெரிய பரப்பு இருக்கிறது, அது மெக்கானிக்குக்கும் பழுதுபார்ப்பு நிலையத்துக்கும் உரியது.

மெக்கானிக்குக்கு உரியது என்றேனே, அங்கேதான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. மெக்கானிக் சான்றிதழின் உரிமைகளைச் சொல்லும் 65.81, அளவுமானிகளை எந்த விதத்திலும் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் அவருக்கு மறுக்கிறது. தகவல்தொடர்பு ரேடியோ ஓர் அளவுமானியா? பகுதி 1-இன் வரையறைப்படி அளவுமானி என்பது விமானத்தின் சாய்வுநிலை, உயரம், அல்லது விமானத்தின் அல்லது அதன் பாகத்தின் இயக்கம் ஆகியவற்றை உள்ளமைவு ஒன்றின் மூலம் கண்ணுக்கோ காதுக்கோ காட்டும் சாதனம். பறக்கும்போது விமானத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்களும் அதில் சேரும். இதன்படி உயரமானி அளவுமானி, ஆட்டோபைலட்டும் அளவுமானி. பேசுவதற்கு மட்டும் உள்ள ரேடியோ அந்த வரையறைக்குள் எளிதில் வராது. வழிகாட்டல் ஊசியைக் காட்டும் கருவி வருமா, இன்றைய முழுத்திரைக் கருவிகளில் எது ரேடியோ எது அளவுமானி என்றெல்லாம் கேட்டால், அனுபவமுள்ள ஆய்வாளர்களே இரண்டு விதமாகப் பதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் மெக்கானிக் சான்றிதழும் வைத்திருக்கும் உரிமையாளர் என்றால், ரேடியோவின் உட்புற வேலை உங்களுக்கு முற்றாக மூடப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே 65.81, அந்த வேலையை முன்பு முறையாகச் செய்திருக்க வேண்டும் என்றும், உற்பத்தியாளரின் நடப்புக் குறிப்புகளைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இந்த எல்லையில் நிற்பவர்கள் தங்கள் பகுதியின் எஃப்.ஏ.ஏ. மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே நல்லது. தொலைபேசியில் வாங்கிய 'பரவாயில்லை' பின்னாளில் எதற்கும் உதவாது.

இதற்கு மேல், பலர் கவனிக்காத இரண்டாவது சட்டம் ஒன்று இருக்கிறது, அது விமானச் சட்டமே அல்ல. ரேடியோ என்பது ஒலிபரப்பும் கருவி. அமெரிக்காவில் அலைவரிசைகள் எஃப்.சி.சி.யின் ஆட்சிக்கு உட்பட்டவை. விமானத் துறையில் உரிமம் பெற்ற ரேடியோ ஒலிபரப்பிகளைச் சீரமைக்கவும் உட்புறமாகப் பழுதுபார்க்கவும் பொது ரேடியோத்தொலைபேசி இயக்குநர் உரிமம் தேவை, அல்லது அது உள்ளவரின் பொறுப்பில் வேலை நடக்க வேண்டும். எஃப்.ஏ.ஏ. மெக்கானிக் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. மறுபுறம், இந்த உரிமம் மட்டும் வைத்திருப்பவருக்கு விமானத்தின் லாக்புக்கில் கையொப்பமிடும் அதிகாரமும் கிடையாது. தேர்வு கடினமானதல்ல: இதற்கு வேண்டிய இரண்டு கூறுகளில், முதல் கூறில் 24 கேள்விகளில் 18, மூன்றாம் கூறில் 100 கேள்விகளில் 75 சரியாக இருந்தால் போதும். கேள்வி கேட்டவர் போன்ற பொறியாளர் சில வாரங்களில் படித்து எழுதிவிடலாம். எழுதுங்கள் என்றே சொல்வேன், ஆனால் அது இந்தப் பூட்டில் ஒரு சாவி மட்டுமே.

'நான் மாற்றப்போவது கடையில் கிடைக்கும் சாதாரண மின்தேக்கி, விமானத்துக்கென்று சான்றிதழ் பெற்ற உதிரி அல்ல, அதுதான் தடையா?' என்றும் கேட்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், அது தடையே இல்லை. மின்தடை, மின்தேக்கி, டையோடு போன்ற தனி மின்னணு உறுப்புகள் துறையின் பொது விவரக்குறிப்புக்கு ஏற்ப இருந்தால் அவற்றை நிலையான உதிரிகளாக ஏற்கலாம் என்று எஃப்.ஏ.ஏ. 1997-இலேயே விளக்கம் அளித்திருக்கிறது. நாங்களும் மேசையில் அதே உறுப்புகளைத்தான் பயன்படுத்துகிறோம். வேறுபாடு உதிரியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள நடைமுறையில் இருக்கிறது: 43.13 கேட்கிற நடப்புப் பராமரிப்பு நூல், அந்த நூல் கேட்கிற சோதனைக் கருவிகள், அந்தக் கருவிகளுக்கு நாள் தவறாத அளவுதிருத்தம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் ரேடியோவைக் கொண்டுவந்தார். ஒலிபரப்பில் சத்தம் வருகிறது, வேறு எதுவும் செய்யவில்லை என்றார். மூடியைத் திறந்தவுடனே யாரோ மின்வழங்கியில் மூன்று மின்தேக்கிகளை மாற்றியிருப்பது தெரிந்தது. சாலிடரிங் மிக நேர்த்தி. எங்கள் பையன்களைக் கூப்பிட்டு இப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டினேன். ஆனால் அலைவெண்ணை உருவாக்கும் பலகையின் மேலிருக்கும் தகரக் கவசத்துக்கு ஆறு திருகுகள் வேண்டும், அதில் இரண்டுதான் இருந்தன. காதில் கேட்டால் ரேடியோ நன்றாகவே பேசியது. அலைக்கற்றைப் பகுப்பியில் வைத்தபோதுதான், அவர் பேசும் அலைவரிசைக்கு இரண்டு பக்கமும் புல் முளைத்ததுபோல் வேண்டாத அலைகள் நிற்பது தெரிந்தது. விமானப் பேச்சு 118 மெகாஹெர்ட்ஸ் முதல் 137-க்குச் சற்றுக் கீழ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்ட 760 அலைவரிசைகளில் நடக்கிறது. பக்கத்து அலைவரிசையில் யாராவது தரையிறங்க அனுமதி வாங்கிக்கொண்டிருப்பார்கள். உங்கள் சத்தம் அவர்களுடைய காதில் விழும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவருடைய கை குறைவு இல்லை. அந்தக் கை செய்த வேலையைப் பார்க்கும் கண் அவரிடம் இல்லை, அந்தக் கண் கொஞ்சம் விலை அதிகமான கருவி. வெளியிலிருந்து தெரியாத கோளாறு என்பதால்தான் விதி இந்த இடத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேனலுக்குப் பின்னால் உள்ள வயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தடுப்புப் பராமரிப்புப் பட்டியலில் வயர் பழுதுநீக்கம் ஒரே இடத்தில்தான் வருகிறது: தரையிறங்கு விளக்கின் மின்சுற்றில் அறுந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது. அந்த ஒரு விளக்கை மட்டும் பெயர் சொல்லி அனுமதித்திருப்பதால், ரேடியோவுக்குப் போகும் வயரை அதோடு சேர்த்துப் படிக்க வழியில்லை. மைக்ரோபோன் பிளக்கைச் செருகும் பழைய குழிகள், சாலிடர் விட்டுப்போன ஹெட்செட் வயர்கள் எல்லாம் சின்ன வேலைதான். ஆனாலும் பேனலில் பொருத்தப்பட்ட குழியை மாற்றுவது உங்கள் பட்டியலில் இல்லை. டிரேயிலுள்ள கனெக்டரை ஏற்ற திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைப்பது? ரேடியோவைக் கழற்றி மாட்டும் வேலையின் பகுதியாக நான் அதை ஏற்பேன். ஆனால் அந்தக் கனெக்டரிலிருந்து ஒரு ஊசியை வெளியே எடுத்து வளைத்துப் போட்டால் அது வேறு வேலை. இது என் வாசிப்பு. இன்னொரு மெக்கானிக் துடைப்பதற்கே முகம் சுளிக்கலாம்.

உங்கள் கையாலேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. 43.3-இன் டி பிரிவின்படி, சான்றிதழ் உள்ள மெக்கானிக்கின் மேற்பார்வையில், அவர் செய்யத் தகுதியுள்ள எந்தப் பராமரிப்பையும் சான்றிதழ் இல்லாதவரும் செய்யலாம். ஆய்வுகளை மட்டும் செய்யக் கூடாது. மேற்பார்வை என்றால், வேலை சரியாக நடக்கிறதா என்று தேவையான அளவு அவர் நேரில் பார்க்க வேண்டும், ஆலோசனைக்கு நேரில் கிடைக்க வேண்டும். விதியில் 'நேரில்' என்ற சொல் இருக்கிறது. காணொலி அழைப்பில் பார்த்துக்கொண்டேன் என்பதை நம்பி யாரும் கையொப்பமிட நான் பரிந்துரைக்க மாட்டேன். வயர்கள், குழிகள், ஆன்டெனா மாற்றம், டிரே மாற்றம் எல்லாம் இந்த வழியில் நீங்களே செய்யலாம், அவர் பார்த்துக் கையொப்பமிடுவார். அவருக்கே அதிகாரம் இல்லாத வேலையை அவர் மேற்பார்வையில் நீங்கள் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உயரமானியின் உட்புறம் அதற்கு நல்ல உதாரணம். பணிமனைக்காரர்களில் சிலருக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது, சிலர் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பாதி அறுத்துப் போட்ட வயர்களோடு வந்து 'மேற்பார்வை செய்யுங்கள்' என்றால் நானும் மாட்டேன் என்பேன்.

டிரான்ஸ்பாண்டரும் இதே மாதிரி வழுக்கிக்கொண்டு வரும் பெட்டிதானே, அதை மட்டும் ஏன் விலக்கினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அது உங்கள் உயரத்தை மற்றவர்களுக்குச் சொல்லும் வாய். உங்கள் உயரமானி காட்டுவதும் டிரான்ஸ்பாண்டர் அனுப்புவதும் 125 அடிக்கு மேல் வேறுபட்டால், கட்டுப்பாட்டாளரின் திரையிலும் எதிரே வரும் விமானத்தின் எச்சரிக்கைக் கருவியிலும் நீங்கள் இல்லாத இடத்தில் இருப்பீர்கள். அதனால்தான் 91.413 ஒவ்வொரு 24 நாட்காட்டி மாதத்துக்கும் ஒருமுறை சோதனை கேட்கிறது, அந்தச் சோதனையைத் தனி மெக்கானிக்கால் செய்ய முடியாது; தரநிர்ணயம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையம் போன்றவை செய்ய வேண்டும். உயரத் தகவலில் பிழை நுழையக்கூடிய வேலை எது நடந்தாலும் மறுபடியும் ஒட்டுமொத்தச் சோதனை வேண்டும். ஆகவே டிரான்ஸ்பாண்டரைத் தூசு தட்டுவதற்காகக்கூட வெளியே இழுக்காதீர்கள்.

மறுபக்கம், நீங்களே செய்யலாம் என்று தெரியாமல் பணம் கொடுத்துச் செய்யும் வேலைகளும் உண்டு. வழிகாட்டல் தரவுத்தொகுப்பைப் புதுப்பிப்பதைப் பராமரிப்பாகவே கருத வேண்டியதில்லை என்று 43.3 இப்போது சொல்கிறது. விமானி அறையிலிருந்து தொடங்கக்கூடியதாகவும், பெட்டியைத் திறக்காமலும், கருவி எதுவும் இல்லாமலும் செய்யக்கூடியதாகவும் இருந்தால் போதும். அதே அட்டையில் வந்தாலும், கருவியின் இயக்க மென்பொருளைப் புதுப்பிப்பது இதில் சேராது. கருவிவழிப் பறத்தலுக்கான, வி.ஓ.ஆர். எனும் ரேடியோ வழிகாட்டல் கருவியின் துல்லியச் சோதனையை 91.171-இன்படி விமானியே 30 நாளுக்குள் ஒருமுறை செய்து, நாள், இடம், பிழை அளவு எழுதிக் கையொப்பமிடலாம். தரைச் சோதனைச் சமிக்ஞையில் 4 பாகை, வானில் 6 பாகை வரை பிழை ஏற்கத்தக்கது. ஹெட்செட், கையடக்க ரேடியோ, டேப்லெட் ஆகியவை விமானத்தில் பொருத்தப்பட்டவை அல்ல. பகுதி 43 அவற்றைத் தொடுவதில்லை.

சான்றிதழ் பெற்ற செஸ்னாவுக்குத்தான் இவ்வளவும். வீட்டிலேயே கட்டிய சோதனைவகை விமானம் என்றால் படம் மாறிவிடும். வேறு வகைச் சான்றிதழ் முன்பு பெற்றிராத சோதனைவகை விமானத்துக்குப் பகுதி 43 பொதுவாகப் பொருந்தாது, பேனலின் பின்னாலும் பெட்டியின் உள்ளேயும் கைவைக்க எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் கேட்காது. ஆனால் டிரான்ஸ்பாண்டர் சோதனை பகுதி 91-இல் இருப்பதால் அவர்களுக்கும் உண்டு, எஃப்.சி.சி. விதியும் உண்டு. நண்பர் ஒருவர் 'உரிமையாளர் எதையும் செய்யலாம்' என்று சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அந்த நண்பரிடம் இருப்பது அத்தகைய விமானமாக இருக்கக்கூடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதலில் வேறு ஹெட்செட்டில் பேசிப் பார்ப்பேன், ஏனென்றால் கரகரப்புக்கு மைக்ரோபோனும் அதன் குழியும் முதல் சந்தேகங்கள். பாக எண்கள் பொருந்தினால் இரண்டு ரேடியோக்களையும் இடம் மாற்றிப் பார்ப்பேன். திரை மங்குவதும் கரகரப்பும் ஒன்றாகவே நகர்ந்தால் உங்கள் மின்வழங்கிக் கணிப்பு அனேகமாகச் சரி. பிறகு ரேடியோவை நானே கழற்றி, அஞ்சலில் வேலை எடுக்கும் பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றுக்கு அனுப்புவேன். ஆறு வாரக் காத்திருப்பில் பெரும்பகுதி விமானத்தைப் பணிமனைக் கொட்டகைக்குள் விட இடம் கிடைக்காததால் வருவது, தனிப் பெட்டிக்கு அவ்வளவு ஆகாது. இடைப்பட்ட நாட்களில் ஒரே ரேடியோவுடன் பறக்க 91.213 வழி தருகிறது: இரண்டாவது ரேடியோ அந்தப் பறத்தலுக்குக் கட்டாயமில்லை என்றால், அகற்றியதை லாக்புக்கில் எழுதி, அதன் கட்டுப்பாட்டருகே 'இயங்கவில்லை' என்று ஒட்டி, ஆபத்தில்லை என்று விமானியோ மெக்கானிக்கோ தீர்மானித்துப் பறக்கலாம். எடைச் சமநிலைக் கணக்கில் மாற்றம் வருமா என்பதை உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியோ திரும்பும்போது அதனுடன் அது பறக்கத் தகுந்தது என்று சான்றளிக்கும் 8130-3 எண் கொண்ட எஃப்.ஏ.ஏ. படிவமோ அதற்கு இணையான பராமரிப்பு வெளியீட்டுச் சீட்டோ வர வேண்டும்; அதை லாக்புக்கோடு வைத்துவிட்டு, நீங்களே மாட்டி, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் ஒருமுறை பேசிப் பார்த்து, கையொப்பமிடுங்கள்.

பெட்டியோடு ஒரு தாளும் அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதிய தாள்கள் எங்களுக்கு எவ்வளவு வருகின்றன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் மங்குகிறதா, ஆல்டர்னேட்டர் ஓடும்போது மட்டுமா, ரேடியோ சூடான பிறகா, குளிரிலா, பேசும் பொத்தானை அழுத்தும்போது திரை இன்னும் மங்குகிறதா, எந்த அலைவெண்களில், இடம் மாற்றிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். உங்கள் மின்தேக்கிக் கணிப்பையும் எழுதுங்கள். மேசையில் இருப்பவர் சிரிக்க மாட்டார், முதலில் அங்கேதான் பார்ப்பார்.